‘பொறுத்துக்கொள்ளும் அளவு’ என்று எழுதாதீர்கள்: முதற்கட்டப் புற்றுநோய்ச் சோதனை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் முற்றிய புற்றுநோய்க்கான நோயெதிர்ப்பு மருந்துகளை முதன்முதலாக நோயாளிகளிடம் சோதிக்கும் மருத்துவர்களுக்கும், அச்சோதனைகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்களுக்கும், செலவை ஏற்கும் மருந்து நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

தமிழ் ஒப்புதல் படிவங்களில் ஒரு சொற்றொடர் திரும்பத் திரும்ப வருகிறது: ‘பொறுத்துக்கொள்ளக்கூடிய அதிகபட்ச மருந்தளவு’. ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டால் குறை சொல்ல முடியாத மொழிபெயர்ப்புதான். ஆனால் தோட்டத்தில் பால் மரம் சீவி வளர்ந்த 65 வயது அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டிப் பாருங்கள். ‘எவ்வளவு முடியுமோ அவ்வளவு பொறுத்துக்கோங்க’ என்றுதான் அவர் காதில் விழும். பொறுத்துக்கொள்வது அவருக்குப் புதிதா என்ன? மருந்து ஏறிய ஆறாம் வாரம் வயிற்றால் போகத் தொடங்கினால் சொல்ல மாட்டார். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், மகன் அலைந்து வாங்கிக்கொடுத்த வாய்ப்பு போய்விடும் என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். அடுத்த முறை வரும்போது தாதி கேட்டால், ‘ஒன்னும் இல்லம்மா, நல்லா இருக்கேன்.’

புதிய மருந்தை எவ்வளவு தரலாம் என்று தேடும் முதற்கட்டச் சோதனையில் இந்த ‘நல்லா இருக்கேன்’ அவரோடு முடிவதில்லை. வழக்கமான மூன்று-மூன்று முறையை எடுத்துக்கொள்வோம். ஒரு டோஸில் மூன்று பேர். குறித்த காலத்துக்குள், பெரும்பாலும் 21 அல்லது 28 நாளுக்குள், மூவரில் எவருக்கும் கடுமையான நச்சுவிளைவு வராவிட்டால் அடுத்த மூவருக்கு டோஸ் கூடும். ஒருவருக்கு வந்தால் அதே டோஸில் இன்னும் மூவரைச் சேர்ப்பார்கள். இரண்டு பேருக்கு வந்துவிட்டால் ஏற்றம் அதோடு நிற்கும். இப்போது அந்த மூவரில் ஒருவர் நாளைக்கு எட்டுத் தடவை கழிவறைக்குப் போனதை விழுங்கிவிட்டார் என்று வையுங்கள். மூன்றில் ஒன்று, மூன்றில் பூச்சியம் ஆகிறது. கூட்டவே கூடாத நேரத்தில் டோஸ் கூடுகிறது. கணினியில் ஓடும் புதிய புள்ளியியல் முறைகளாக இருந்தாலும் கதை இதுதான். உள்ளே போகும் எண் தப்பானால் வெளியே வரும் டோஸும் தப்பு.

ரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி இருக்கிறது, ஈரல் நொதியை அளக்க ஆய்வுக்கூடம் இருக்கிறது. வயிற்றுப்போக்கை, அசதியை, மூச்சு வாங்குவதை அளக்க நோயாளியின் வாயைத் தவிர வேறு கருவி இல்லை. அந்தக் கருவி தமிழில்தான் பேசுகிறது என்றால், தமிழ்ப் படிவம் சடங்குக்காக வைத்திருக்கும் தாள் ஆகாது. உங்கள் சோதனையின் அளவுகோலில் அதுவும் ஒரு பாகம். நாங்கள் எழுத வந்தது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். ‘நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் சிகிச்சை.’ தமிழ் வானொலியிலும் வாட்ஸ்அப்பிலும் இதே சொற்களில்தான் சத்து மாவும் கஷாயப் பொடியும் விற்கிறார்கள். ‘கூட்டும்’ என்றால் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். ‘சிகிச்சை’ என்றால் குணப்படுத்தத் தருவது. இரண்டும் சேர்ந்து, இன்னும் எத்தனை மில்லிகிராம் தரலாம் என்றே தெரியாத ஒரு பொருளுக்கு டானிக் முகமூடி போட்டுவிடுகின்றன. ‘சோதனை மருந்து’ என்று எழுதுங்கள். என்ன செய்யும் என்பதைக் காவல் நாயை வைத்துச் சொல்லலாம்: புற்று அணுக்கள் நம் உடலின் காவல் அணுக்களைக் கட்டிப்போட்டுவிடுகின்றன; இந்த மருந்து கட்டை அவிழ்க்கிறது; அவிழ்த்த நாய் திருடனைப் பிடிக்கலாம், சில சமயம் வீட்டுக்காரரையே கடிக்கலாம். கடிபடும் இடங்கள் எவை என்று பெயர் சொல்லுங்கள்: தோல், குடல், ஈரல், நுரையீரல், தைராய்டு, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி, அரிதாக இதயத் தசை. 2011ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இபிலிமுமாப் தொடங்கி இன்று நம் மருத்துவமனைகளில் புழங்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் வரை எல்லாமே இப்படிக் கட்டவிழ்க்கும் மருந்துகள்தான். அந்த வழியைக் காட்டியதற்குத்தான் 2018ல் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் நோபெல் பரிசு. கடிக்கும் என்பதும் அந்த மருந்துகளோடு கூடவே கற்ற பாடம்.

பாடம் என்றதும் இன்னொன்று. இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தாமல் அனுப்பும் பழக்கம் வந்த பிறகு, ‘சப்ஜெக்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே மாற்றி ‘ஆய்வுப் பாடம்’ என்று நோயாளியைக் குறிப்பிடும் வரைவுகள் வருகின்றன. சோதனைப் பிரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘சிகிச்சைக் கை’ ஆகிவிடுகிறது; ஊசி எந்தக் கையில் என்று நோயாளி கேட்டால் அவர் மேல் தப்பில்லை. மனிதரிடம் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான உலக நெறிமுறை ஹெல்சிங்கிப் பிரகடனம். 2024 அக்டோபரில் திருத்தியபோது அது, மனிதரை ஆய்வுப் பொருளாகச் சொல்லும் பழைய சொல்லை விட்டுவிட்டுப் ‘பங்கேற்பாளர்’ என்று மாற்றிக்கொண்டது. உலகம் அங்கே போய்விட்டது, நம் தாளில் ஆள் இன்னும் பாடமாகவே இருக்கிறார்.

அடுத்து, எந்தப் படியில் ஏறுகிறோம் என்பது. முதல் குழுவுக்குத் தரும் டோஸ் வேண்டுமென்றே மிகக் குறைவாக வைக்கப்படுகிறது. அதற்குக் காரணமான சம்பவத்தை ஒப்புதல் பேச்சில் சொல்லலாம், யாரும் பயந்து ஓடிவிட மாட்டார்கள். 2006 மார்ச் 13, லண்டன், நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகம். டிஜிஎன்1412 என்ற மருந்து, காவல் அணுக்களில் ஒரு வகையான டி அணுக்களை நேரடியாக உசுப்பிவிடும் ஒரு எதிர்ப்புரதம். ஆரோக்கியமான ஆறு பேருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் ஏற்றினார்கள். குரங்குகளிடம் தீங்கு காணப்படாத அளவில் அது 500ல் ஒரு பங்குதான். ஒருவருக்கு ஏற்றிச் சுமார் பத்து நிமிடத்தில் அடுத்தவருக்கு. ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு. ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவில். உயிர் பிழைத்தார்கள். 2007ல் ஐரோப்பிய மருந்து முகமை முதல் மனிதச் சோதனைகளுக்கு வழிகாட்டி வெளியிட்டது. முதல் ஆளுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து பார்ப்பதும், விலங்கு தாங்கிய அளவை மட்டும் நம்பாமல் உடலில் மிகக் குறைந்த அசைவு தெரியும் அளவிலிருந்து தொடங்குவதும் அதற்குப் பிறகு ஊன்றிய வழக்கங்கள்.

இதன் மறுபக்கத்தைத் தமிழ்ப் படிவம் சொல்வதே இல்லை. முதல் குழுவில் சேர்பவருக்கு ஆபத்து குறைவு, பலன் கிடைக்கும் வாய்ப்பும் குறைவு; அந்த டோஸ் புற்றைத் தொடாமலே போகலாம். நான்காம் ஐந்தாம் குழுவில் சேர்பவருக்கு இரண்டும் கூடுகின்றன. ஆகவே படிவத்தோடு ஒரு தனித்தாள் வையுங்கள்: இன்று உங்களுக்குத் தரப்போவது எத்தனையாவது டோஸ், உங்களுக்கு முன் எத்தனை பேர் பெற்றார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு என்ன ஆனது. ஒவ்வொரு குழு முடிந்ததும் அந்தத் தாள் மாற வேண்டும். 25 பக்கப் படிவத்தை மாற்ற மாதக்கணக்கு ஆகும் என்பது தெரியும். ஒரு தாளை மாற்ற ஏன் ஆக வேண்டும்? நெறிமுறைக் குழுக்கள் அதன் வடிவத்துக்கு மட்டும் முன்கூட்டியே ஒப்புதல் தந்துவிட்டால், எண்களை மட்டும் நிரப்பிக்கொள்ளலாம்.

பலன் எவ்வளவு என்ற கேள்விக்கு ‘உங்களுக்கு நன்மை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்’ என்பது பதில் ஆகாது. மழை வரலாம், வராமலும் போகலாம். எண் கொடுங்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் ஆதரவில் 1991 முதல் 2002 வரை நடந்த 460 முதற்கட்டச் சோதனைகளை ஆராய்ந்த கணக்கில், கட்டி சுருங்கியது 10.6 விழுக்காட்டினருக்கு, மருந்தின் நச்சாலேயே இறந்தவர்கள் 0.49 விழுக்காடு, அதாவது 200 பேரில் ஒருவர். 2000 முதல் 2019 வரையிலான பின்னாள் கணக்கில் சுருங்கியவர்களின் பங்கு 9.6 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக ஏறியிருக்கிறது. மருந்தால் இறப்பு 0.7 விழுக்காடு. ‘சுருங்கியது’ என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அளந்த கட்டிகளின் விட்டங்களைக் கூட்டினால் 30 விழுக்காடாவது குறைந்திருக்க வேண்டும், அவ்வளவே. குணம் என்று பொருளில்லை, எத்தனை மாதம் நிற்கும் என்பதும் அதில் இல்லை. குடும்பத்தில் ஒருவர் இதைக் கேட்டு எழுந்து போய்விட்டால் போகட்டும். அவர் எழுந்து போகும் அளவுக்குப் புரியும்படி சொன்னீர்கள் என்று அர்த்தம்.

நோயெதிர்ப்பு மருந்துகளுக்கே உரிய ஒரு குழப்பம் ஸ்கேனில் வரும். காவல் அணுக்கள் கட்டிக்குள் புகுந்து வீங்கி, முதல் ஸ்கேனில் கட்டி பெருத்தது போலத் தெரிந்து, பிறகு சுருங்குவது உண்டு. இதற்காகத்தான் 2017ல் வந்த அளவீட்டு விதிகள், நோயாளி நிலையாக இருந்தால் 4 முதல் 8 வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து உறுதிப்படுத்தச் சொல்கின்றன. ஆனால் இப்படி நடப்பது சிறுபான்மை. பெருத்தது தெரிந்தால் பெரும்பாலும் பெருத்ததேதான். படிவத்தில் முதல் பாதியை மட்டும் எழுதிவிட்டால், எட்டு வாரமும் குடும்பம் ‘வீக்கந்தான், வீக்கந்தான்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும், வலி மாத்திரையைக் கூட்டவும் விடாது.

இனி வீட்டில் நடப்பவை. இங்கேதான் அதிகம் தப்பிப்போகிறது.

நச்சுவிளைவைக் கணக்கெடுக்கும் காலம் 28 நாளில் முடிகிறது. நோயெதிர்ப்பு மருந்தின் கடிகாரம் அப்போதுதான் சூடுபிடிக்கிறது. தோல் தடிப்பும் அரிப்பும் முதல் சில வாரங்களில் வரும். குடல் பெரும்பாலும் 6, 7 வாரம் வாக்கில். சுரப்பிகள் அதற்கும் பிறகு. மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்துக்கூட வரலாம். ‘பின்விளைவுகள் ஏற்பட்டால் உடனே தெரிவிக்கவும்’ என்ற ஒற்றை வரி இதற்குப் போதாது, ‘பெருங்குடல் அழற்சி’ என்ற சொல் அதைவிட மோசம். எந்த வீட்டில் யார் ‘எனக்குப் பெருங்குடல் அழற்சி’ என்று சொல்லியிருக்கிறார்கள்?

நோயாளி பையில் வைத்துக்கொள்ளும் அட்டையில் இந்தச் சொற்கள் இருக்கட்டும்: வழக்கமாகப் போவதைவிட ஒரு நாளில் 4 தடவை கூடுதலாக வயிற்றால் போனாலோ, மலத்தில் ரத்தமோ சளியோ கண்டாலோ, காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ, மாடிப்படி ஏறும்போது முன்னே இல்லாத மூச்சு வாங்கல், வறட்டு இருமல் வந்தாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, திடீரெனத் தாகம் அடங்காமல் அடிக்கடி சிறுநீர் போனாலோ, விடாத தலைவலியோடு எழுந்திருக்கவே முடியாத அசதி இருந்தாலோ, கண்ணிமை தொங்கினாலோ, பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, அந்த மணிக்கே அழையுங்கள், விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். அடியில் ஒரு வரி, பெரிய எழுத்தில்: சொன்னதற்காக உங்களைத் திட்ட மாட்டோம். மருந்தை நிறுத்த வேண்டி வந்தால், அது உங்கள் உயிருக்காக. பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

அழைத்தால் எடுப்பவர் தமிழ் பேச வேண்டும். இரவு இரண்டு மணிக்கு ‘டேக்கான் சத்து’ என்று தானியங்கிக் குரல் மலாயில் எண் அமுக்கச் சொன்னால், போனை வைத்துவிடுவார்கள். இரவுப் பணியில் தமிழ் தெரிந்தவர் எப்போதும் கிடைக்க மாட்டார் என்றால், திரும்ப அழைக்கும் முறையாவது இருக்கட்டும், 15 நிமிடத்துக்குள்.

அட்டையின் மறுபக்கம் மலாயிலும் ஆங்கிலத்திலும், மருத்துவருக்கு. நோயாளி உங்கள் மருத்துவமனைக்கு வர மாட்டார். முதலில் பக்கத்து சுகாதாரக் கிளினிக்குக்கோ முக்குக்கடை வரிசையில் இருக்கும் தனியார் கிளினிக்குக்கோதான் போவார். அங்கே வயிற்றுப்போக்கு என்றால் நிறுத்தும் மாத்திரை, உப்புக் கரைசல், ஒருவேளை ஆன்டிபயாட்டிக். கீமோதெரபி நோயாளிக்குப் பழகிய மருத்துவர்கூட அப்படித்தான் செய்வார். குடல் சுவரைக் காவல் அணுக்கள் அரித்துக்கொண்டிருக்கும்போது, போக்கை நிறுத்தும் லோபெராமைட் கொடுத்தால் எண்ணிக்கை குறையும், அரிப்பு குறையாது. குடல் ஓட்டையாகும் வரை நல்லா இருப்பது போலவே இருக்கும். அங்கே வேண்டியது காவல் அணுக்களை அடக்கும் ஸ்டீராய்டு, கடுமையாக இருந்தால் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் கணக்கில். சில நாளில் மடங்காவிட்டால் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற அடுத்த மருந்து. மறுபக்கத்தில் எழுதுங்கள்: நோயெதிர்ப்புச் சோதனை மருந்து பெறுபவர், எங்களை அழைத்துவிட்டுத் தொடங்குங்கள், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஸ்டீராய்டை இறக்கும் பாதையும் தமிழில் வேண்டும். 4 முதல் 6 வாரமாவது படிப்படியாகக் குறைக்க வேண்டிய மாத்திரையை, பத்தாம் நாள் முகம் ஊதுகிறது, சர்க்கரை ஏறுகிறது என்று நிறுத்திவிடுவார்கள். வயிற்றுப்போக்கு இரட்டிப்பாகத் திரும்பும். நாள், காலை எத்தனை மாத்திரை என்று கட்டம் போட்ட ஒரு தாள் இதைத் தடுத்துவிடும்.

மருந்து ஏறிய அன்றிரவு வரும் காய்ச்சல் வேறு சாதி. டி அணுக்களை நேரடியாக உசுப்பும் மருந்துகளில் அது சைட்டோகைன் வெள்ளத்தின், அதாவது காவல் அணுக்கள் ஒரேயடியாகக் கொட்டும் ரசாயனங்களின், முதல் அலையாக இருக்கலாம். பனடோல் இரண்டு போட்டுக்கொண்டு போர்த்திப் படுத்தால் காய்ச்சல் இறங்கும், ரத்த அழுத்தமும் சேர்ந்து இறங்கிக்கொண்டிருக்கும். மாத்திரையைப் போடலாம், ஆனால் போடும் முன் அழைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். வெப்பமானி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதை அளவாக எடுத்துக்கொள்ள முடியாது.

சமையலறைக்கு வருவோம். ‘மூலிகை மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார்கள். பொய் சொல்லவில்லை, கஷாயம் அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை. ‘காலையில் வெறும் வயிற்றில் என்ன குடிக்கிறீங்க?’ என்று கேளுங்கள். சீந்தில், நிலவேம்பு, கருஞ்சீரகம், பக்கத்து வீட்டு அண்ணன் தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்த பொடி, எல்லாம் வெளியே வரும். சீந்தில் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். 2021ல் மும்பை மருத்துவர்கள், கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் எடுத்த ஆறு பேரின் ஈரல் பாதிப்பைப் பதிவுசெய்தார்கள். அது தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சி போன்ற தோற்றத்தில் இருந்தது. உங்கள் சோதனை மருந்து ஈரலைக் கடித்தாலும் அதே தோற்றந்தான். ஈரல் நொதி இயல்பான உச்ச அளவைப் போல ஐந்து மடங்கைத் தாண்டினால் மூன்றாம் தர நச்சு, அதாவது கடுமையானது. கஷாயத்தின் பாவம் மருந்தின் தலையில் ஏறி, நல்ல டோஸ் ஒன்று நின்றுபோகும். அல்லது நேர்மாறாக, மருந்தின் பாவம் கஷாயத்தின் மேல் போடப்படும். இரண்டுமே கெடுதல்.

ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து இதற்கு எதிர்த்திசை ஆபத்து. மூட்டு வலிக்கு, பசிக்கு என்று விற்கும் சில பாரம்பரியப் பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாக நம் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை பலமுறை எச்சரித்திருக்கிறது. நோயெதிர்ப்புச் சோதனைகளில் பொதுவாக நாளைக்கு 10 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்கு மேல் எடுப்பவரைச் சேர்ப்பதில்லை; ஜாமு குடிப்பவர் தெரியாமலே அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கலாம். மருந்து வேலை செய்யாது. சேர்ந்த அன்றே பயந்துபோய் ஜாமுவை நிறுத்தினாரா, இன்னும் மோசம்: உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும், அசதி, வாந்தி, அழுத்தச் சரிவு. அதைப் பார்த்து பிட்யூட்டரியை மருந்து கடித்துவிட்டது என்று எழுதுவார்கள். தேர்வு நாளிலேயே ‘வீட்டில் உள்ள பாட்டில், பொட்டலம் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துட்டு வாங்க’ என்று சொல்லுங்கள். முட்டிக்கு எங்கேயாவது ஊசி போட்டுக்கொண்டார்களா என்பதையும் தனியாகக் கேளுங்கள். அதுவும் பெரும்பாலும் ஸ்டீராய்டுதான்.

ரத்தம் எடுப்பது பற்றிச் சுருக்கமாக. முதல் நாள் மருந்துக்கு முன், ஏறி முடிந்ததும், பிறகு 1, 2, 4, 6 மணி, மறுநாள் காலை என்று குத்தும்போது ‘ரத்தத்தை உறிஞ்சுறாங்க’ என்ற பேச்சு வரத்தான் செய்யும். ‘35 மில்லிலிட்டர்’ என்பதற்குப் பக்கத்தில் ‘ஏழு தேக்கரண்டி, ரத்ததானத்தில் கொடுப்பது 450 மில்லிலிட்டர்’ என்று எழுதினால் பேச்சு அடங்கும். மருந்து ஏறும் கையிலிருந்தே ரத்தம் எடுத்தால் மருந்தின் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதையும் நோயாளியிடம் சொல்லிவையுங்கள். அவசரத்தில் புதிய தாதி அதே கையைப் பிடித்தால், ‘இந்தக் கை இல்ல, அந்தக் கை’ என்று அவரே சொல்வார். கட்டியில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சிக்கு, ‘ஊசி குத்தினால் புற்று பரவும்’ என்ற நம்பிக்கை நம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. அதை அவர்கள் கேட்கும் முன்னே நீங்களே எடுத்துப் பேசுங்கள். இரண்டாவது பயாப்சி ஆராய்ச்சிக்கு மட்டும், அவருக்கு அதனால் நேரடிப் பலன் இல்லை என்பதையும் மறைக்க வேண்டாம்.

ஒப்புதல் அறைக்குள் நடப்பதில் மூன்று விஷயம்.

‘டாக்டர், அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லாதீங்க, கட்டின்னு மட்டும் சொல்லுங்க.’ இதைக் கேட்காத மையம் கோலாலம்பூரிலும் இல்லை, பினாங்கிலும் இல்லை. பிள்ளைகளின் பாசத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தன் நோயின் பெயரே தெரியாதவர் முதற்கட்டச் சோதனைக்குக் கையெழுத்துப் போட முடியாது. போட்டால் அது ஒப்புதல் இல்லை. பிள்ளைகளிடம் முதலில் தனியாகப் பேசுங்கள், இரண்டு நாள் கொடுங்கள், பிறகும் முடியாது என்றால் சோதனையில் சேர்க்காதீர்கள். வேறு வழி கிடையாது.

மகளை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். ‘இறப்பு’ என்ற சொல் வரும் இடத்தில் எந்த மகளும் நாக்கைக் கடித்துக்கொள்வாள். மருத்துவர் மூன்று நிமிடம் பேசியதை அவள் ‘கொஞ்சம் பக்கவிளைவு இருக்குமாம்பா’ என்று முடித்துவிடுவாள். குடும்பத்தைச் சேராத ஒருவர் மொழிபெயர்க்கட்டும், குடும்பம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

படிக்கத் தெரியாதவருக்கு நடுநிலைச் சாட்சி வேண்டும் என்பது நன்மருத்துவச் சோதனை விதிகளில் நெடுநாளாக இருப்பது. சாட்சி பேச்சு முழுக்க உடன் இருக்க வேண்டும்; சோதனைக் குழுவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. நடைமுறையில் பேச்செல்லாம் முடிந்து ரேகை வைக்கும் நேரத்தில் நடையில் போகிறவரைக் கூப்பிட்டு ‘இங்கே ஒரு சைன்’ என்று வாங்குவது நடக்கிறது. சாட்சி உள்ளே வந்த நேரத்தையும் வெளியே போன நேரத்தையும் படிவத்திலேயே எழுத இடம் விடுங்கள். அந்த இரண்டு கட்டங்கள் இருந்தால் பாதித் தவறு தானாக நின்றுவிடும்.

மொழிபெயர்ப்பு முறைக்கு எங்கள் கோரிக்கை இது. ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்ப்பதோடு இப்போது வேலை முடிகிறது. ‘பெருங்குடல் அழற்சி’ அந்தச் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கும். திரும்பிப் போகும்போது அழகாகத் திரும்பும். அது சொல் சரியா என்று பார்க்கிறது, கேட்பவருக்குப் புரிகிறதா என்று பார்ப்பதில்லை. வரைவை மருத்துவம் தெரியாத, 55 வயது தாண்டிய ஆறு பேருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். பத்தி பத்தியாக ‘நான் என்ன சொன்னேன், உங்க பாணியில சொல்லுங்க’ என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்த இடம் மாற வேண்டும். ஒரு மாலைப்பொழுது வேலை. பிரிக்பீல்ட்ஸில் கோயில் மண்டபத்திலோ பட்டர்வொர்த்தில் முதியோர் சங்கத்திலோ ஆறு பேருக்குப் பஞ்சமில்லை. எழுத்து 14 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். முதல் இரண்டு பக்கத்தில் சாரம் இருக்கட்டும். படிவம் ஓர் இரவாவது வீட்டுக்குப் போய்வரட்டும்.

சோதனைத் திட்டம் திருத்தப்படும்போது ஆங்கிலமும் மலாயும் முதலில் வந்துவிடும், தமிழ் பின்னால் வரும். அந்த இடைவெளியில் தமிழ் நோயாளி பழைய பதிப்பிலேயே கையெழுத்திட்டு, புதிய டோஸைப் பெறுவார். நெறிமுறைக் குழுக்கள் எல்லா மொழிப் பதிப்புகளுக்கும் ஒரே நாளில் ஒப்புதல் தர வேண்டும். இதைக் கேட்டு, ‘மலாய் அல்லது ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் மட்டும்’ என்று தகுதிப் பட்டியலில் ஒரு வரி சேர்த்துத் தொல்லையை முடித்துக்கொள்ளும் குறுக்குவழி யாருக்காவது தோன்றினால், அதைத் தயவுசெய்து நிராகரியுங்கள்.

பணம், தூரம். சுங்கை பட்டாணியிலிருந்தும் கூலிமிலிருந்தும் பாலம் தாண்டி வருபவர், தெலுக் இந்தானிலிருந்து கோலாலம்பூர் வருபவர், முதல் சில வாரம் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வர வேண்டும். ‘ரசீது கொடுங்கள், பிறகு தருகிறோம்’ என்பது கையில் காசு உள்ளவருக்குச் சரி. மற்றவர் எட்டாம் நாள் ரத்தத்துக்கு வர மாட்டார், காரணத்தையும் சொல்ல மாட்டார். வரும் அன்றே, கையில், தூரத்துக்கேற்ற தொகை. முதல் டோஸ் வாரத்தில் மருத்துவமனையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தங்க இடம், கூட ஒருவருக்கும் சேர்த்து. தைப்பூசத்தன்றும் தீபாவளியன்றும் ரத்தம் எடுக்கும் நாள் விழாதபடி நாள்காட்டியைப் பார்த்துவிட்டு முதல் டோஸைக் குறியுங்கள். ஸ்டீராய்டு எடுப்பவர் விரதம் இருக்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, ‘சேராவிட்டால் வேறு என்ன வழி’ என்ற பத்தி. தமிழில் அது பெரும்பாலும் ‘பிற சிகிச்சைகள் பற்றி மருத்துவர் விளக்குவார்’ என்ற ஒரே வரி. வலி நிவாரணப் பராமரிப்பு என்ற ஒன்று இருப்பதையும், கிள்ளான் பள்ளத்தாக்கில் 1991 முதல் ஹோஸ்பிஸ் மலேசியா அதை வீட்டுக்கே வந்து கட்டணமின்றிச் செய்வதையும், சோதனையில் சேர்ந்தாலும் அதைப் பெறலாம் என்பதையும் பெயர் சொல்லி எழுதுங்கள். பினாங்குப் படிவத்தில் பினாங்கில் உள்ள சேவையின் பெயர்.

நாட்டில் முதற்கட்டச் சோதனைகள் பெருக வேண்டும் என்றே விரும்புகிறோம். 2012ல் சுகாதார அமைச்சு கிளினிக்கல் ரிசர்ச் மலேசியாவைத் தொடங்கியது அதற்காகத்தான், அங்கும் தமிழ் பேசும் கைகள் உண்டு. தமிழ் வரைவு எதுவானாலும் அனுப்புங்கள். இரண்டு வாரத்துக்குள் படித்து, ஆறு பேருக்குப் படித்துக் காட்டி, தடுமாறிய இடங்களைக் குறித்துத் திருப்பித் தருகிறோம். அட்டையின் வாசகம் மேலே இருக்கிறது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எங்கள் பெயர் போட வேண்டியதில்லை. முதல் மாற்றமாக, அந்த ஒரு சொற்றொடரை அடித்துவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள்: ‘உடலுக்குப் பெரிய கெடுதல் செய்யாத அளவு எது என்று கண்டுபிடிக்கிறோம். கெடுதல் தெரிந்ததும் நீங்கள் சொன்னால்தான் கண்டுபிடிக்க முடியும்.’

இப்படிக்கு,
கோலாலம்பூர், பினாங்கு மருந்துச் சோதனை மையங்களில் பணிபுரியும் தமிழ்த் தாதியர், ஒருங்கிணைப்பாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள்